கண்ட பிழையைத் திருத்தும் கடன்

கணினி இயங்குதளங்களின் பிணையப் பகுதியை விளக்கும் ஆவணங்களில் எழுத்துப் பிழை திருத்துவது, அத்துறையில் உள்ளவர்களால் மிகச் சிறிய பணியாகவே கருதப்பட்டு வருகிறது. புதிதாக வருபவர் கைபழகுவதற்கு ஏற்றது என்றும், நிரல் எழுதத் தெரியாதவரும் செய்யக்கூடியது என்றும் அதைச் சொல்வதுண்டு. ஆனால் அப்பணியைக் கூர்ந்து நோக்கினால், சமய நூல்களைப் பேணிக் காத்தவர்களும் அறவியல் சிந்தனையாளர்களும் பல நூற்றாண்டுகளாக எதிர்கொண்ட வினாக்களே அதற்குள்ளும் இருப்பது தெரியவரும். பிழையைக் கண்டவருக்கு அந்நூலின்மீது உரிமை உண்டா, கடமை மட்டும்தான் உண்டா? கருத்து விளங்கிவிட்ட பிறகு எழுத்திலுள்ள குறையைப் பொறுத்துக்கொண்டு மேலே செல்வது பெருந்தன்மையா, பொறுப்பைத் தட்டிக்கழிப்பதா? பிழை என்று ஐயமின்றித் தெரிந்த பின்னும் கைவைக்காமல் விடவேண்டிய எழுத்து என ஒன்று உண்டா? இவ்வினாக்களுக்கு லினக்ஸ் கெர்னலின் பிணைய ஆவணங்களை முன்வைத்து விடை தேடுவது பொருத்தமானது. ஏனெனில் அங்கே ஒவ்வொரு திருத்தமும், அதைச் செய்தவர் யார், எதற்காகச் செய்தார், ஏற்றுக்கொண்டவர் யார் என்ற விவரங்களோடு எவரும் பார்க்கும்படி பதிவாகியிருக்கிறது.

கெர்னல் என்பது இயங்குதளத்தின் உட்கரு. வன்பொருளுக்கும் பயன்பாட்டு நிரல்களுக்கும் இடையில் நின்று நினைவகத்தையும் கோப்புகளையும் பிணையத்தையும் பங்கிட்டு ஆள்வது அதன் வேலை. 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கெர்னலின் மூலநிரல் இருக்கும் களஞ்சியத்திலேயே அதன் ஆவணங்களும் வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுள் பிணையத்துக்கெனத் தனிப் பிரிவு உண்டு. பல ஆண்டுகளாக வெறும் உரைக்கோப்புகளாகக் கிடந்த அப்பிரிவு, 2020-இல் பெருமளவில் இணையப் பக்கங்களாக வெளியிடத் தக்க குறியீட்டு வடிவத்துக்கு மாற்றப்பட்டது. அதிலுள்ள முக்கியமான கோப்பு ஒன்று, ஐபி, டிசிபி ஆகிய நெறிமுறைகள் ஒரு கணினியில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் அமைப்பு மாறிகளைப் பட்டியலிடுகிறது. நெறிமுறை என்பது இரு கணினிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கு முன்கூட்டியே செய்துகொண்ட உடன்பாடு. அமைப்பு மாறி என்பது அந்த உடன்பாட்டின் எல்லைக்குள் நிர்வாகி தன் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளக்கூடிய ஒரு மதிப்பு. எடுத்துக்காட்டாக, பாக்கெட் எனப்படும் தரவுப் பொதி ஒன்று வரும்போது அதன் அனுப்புநர் முகவரி நம்பத்தக்கதா என்று சோதிக்கும் மாறிக்கு 0 என்றால் சோதனை இல்லை, 1 என்றால் கடுமையான சோதனை, 2 என்றால் தளர்வான சோதனை என்று அக்கோப்பு சில வரிகளில் சொல்லி முடிக்கிறது. அச்சில வரிகளை நம்பித்தான் நிர்வாகி ஒருவர் தம் வழங்கியின் வாசலைத் திறக்கவோ மூடவோ செய்கிறார்.

இவ்வாவணங்களில் தோன்றும் பிழைகள் பெரும்பாலும் எளியவை. பெறுதலைக் குறிக்கும் 'ரிசீவ்' என்ற ஆங்கிலச் சொல்லில் இரண்டு உயிரெழுத்துகள் இடம் மாறிவிடும்; முகவரியைக் குறிக்கும் 'அட்ரஸ்' என்பதில் ஒரு 'டி' குறைந்துவிடும்; 'தி' என்ற சுட்டு அடுத்தடுத்து இரு முறை வந்துவிடும். படிப்பவர் பல வேளைகளில் அவற்றைக் கவனிப்பதே இல்லை. கவனித்தாலும் மனத்துக்குள் சரியான வடிவத்தை இட்டு நிரப்பிக்கொண்டு அடுத்த வரிக்குச் சென்றுவிடுகிறார். ஆவணம் விவரிக்கும் பிணையமோ இவ்வகை நம்பிக்கையின்மேல் கட்டப்பட்டதன்று. டிசிபி நெறிமுறையில் செல்லும் ஒவ்வொரு துண்டும் செக்சம் எனப்படும் 16 பிட் சரிபார்ப்பு எண் ஒன்றைத் தாங்கிச் செல்கிறது. பெறும் கணினி அவ்வெண்ணைத் தானும் கணக்கிட்டுப் பார்த்து, பொருந்தாவிட்டால் அத்துண்டைக் கைவிடுகிறது. ஏற்புச் செய்தி வராததைக் கண்டு, அனுப்பிய கணினி அதை மறுபடியும் அனுப்புகிறது. வழியில் எழுத்துச் சிதையும் என்பதை முன்னதாகவே ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது. வேதத்தை எழுதி வைக்காமல் ஓதியே காத்தவர்களும் இதை ஒப்புக்கொண்டிருந்தார்கள்: சொற்களைத் தனித்தனியே பிரித்தும், இரண்டிரண்டாக இணைத்தும், முன்னும் பின்னுமாகத் திருப்பியும் ஓதும் பதம், கிரமம், ஜடை, கனம் என்னும் முறைகள், ஒன்றில் நேர்ந்த பிழை மற்றொன்றில் வெளிப்பட்டுவிடும்படி அமைந்தவை. தொழில்நுட்ப ஆவணத்துக்கு அத்தகைய காவல் பிறவியிலேயே இல்லை. ஒருவர் எழுதினார், இன்னொருவர் படிக்கிறார். இடையில் காவலாக இருப்பது படிப்பவரின் கவனம் ஒன்றுதான்.

பிணையத் துறைக்கு அதற்கேயுரிய அறநெறி ஒன்று உண்டு. இணைய நெறிமுறைகளை வரையறுக்கும் எண்ணிட்ட வெளியீடுகளுக்கு ஆர்எஃப்சி என்று பெயர். 1969 ஏப்ரலில் தொடங்கிய அவ்வரிசையை நெடுங்காலம் தொகுத்துப் பதிப்பித்தவர் ஜான் போஸ்டல். 1980 ஜனவரியில் வெளிவந்த இணைய நெறிமுறை, டிசிபி ஆகியவற்றின் வரையறைகளில் அவர் ஒரு நெறியைப் பதித்தார். அனுப்பும்போது விதியைச் சிறிதும் வழுவாமல் அனுப்ப வேண்டும்; பெறும்போது அனுப்பியவரின் சிறு வழுக்களைப் பொறுத்துக்கொண்டு கருத்தை வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். தன்னிடம் கண்டிப்பும் பிறரிடம் தயையும் காட்டச் சொல்லும் இந்நெறி, எந்த அறநூலிலும் இடம்பெறத் தக்கது. வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு நிறுவனங்கள் செய்த கணினிகள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கியதில் இதற்குப் பெரும்பங்கு உண்டு. ஆனால் காலப்போக்கில் இதன் மறுபக்கமும் தெரியலாயிற்று. பெறுபவர் எல்லோரும் பொறுத்துக்கொண்டதால், பிழையாக அனுப்பியவருக்குத் தம் பிழை தெரியவே இல்லை; பிழை பழக்கமாகி, பழக்கம் மரபாகி, கடைசியில் அந்தப் பிழையையும் சேர்த்துக் கையாளாத புதிய நிரல் எதுவும் பிணையத்தில் பிழைக்க முடியாத நிலை ஏற்பட்டது. இன்டர்நெட் ஆர்க்கிடெக்சர் போர்டு 2023-இல் வெளியிட்ட ஆர்எஃப்சி 9413 இந்த அபாயத்தை விரிவாக ஆராய்ந்து, நெறிமுறைகளைத் தொடர்ந்து பராமரிப்பதும் குறைகளை வெளிப்படுத்தித் திருத்துவதுமே நெடுங்கால நலம் என்று வாதிடுகிறது.

ஆவணத்தின் எழுத்துப் பிழைக்கும் இது அப்படியே பொருந்தும். எழுதுபவரின் கண்டிப்பு, படிப்பவரின் தயை ஆகிய இரண்டு மட்டும் போதா. கண்ட குறையைக் குறைக்கு உரிய இடத்துக்கே கொண்டுசேர்க்கும் மூன்றாவது செயல் ஒன்று வேண்டும். மனத்துக்குள் திருத்திக்கொண்டு கடந்து செல்பவர் தமக்கு மட்டும் உதவிக்கொள்கிறார். அடுத்து வருபவர் அதே இடத்தில் அதே உழைப்பை மீண்டும் செலவிட வேண்டியிருக்கிறது. திருத்தத்தை எழுதி அனுப்புபவர் தாம் ஏற்கெனவே அடைந்த தெளிவை, முகம் அறியாத எல்லோருக்கும் உரியதாக்கிவிடுகிறார். பிழை திருத்துதல் அறம் ஆவது இந்த இடத்தில்தான்.

எழுத்து முக்கியமா, உள்ளக்கருத்து முக்கியமா என்ற கேள்விக்கு இந்தியச் சமய மரபு ஒன்றுக்கொன்று முரணான இரண்டு விடைகளைத் தந்திருக்கிறது. இந்திரனைக் கொல்லும் மகன் வேண்டுமென்று தேவதச்சன் துவஷ்டா வேள்வி செய்தபோது, மந்திரத்தில் அழுத்தம் விழ வேண்டிய அசை மாறியதால் இந்திரனால் கொல்லப்படுபவன் என்று பொருள் திரிந்து, பிறந்த விருத்திரன் இந்திரன் கையாலேயே மாண்டான் என்பது ஒரு கதை. பதஞ்சலி தம் மகாபாஷ்யத்தில் இலக்கணம் கற்பதன் பயனை விளக்கும்போது இதை எடுத்துக்காட்டுகிறார். துவஷ்டாவின் எண்ணம் என்னவென்று அங்கே எவரும் கேட்கவில்லை, ஒலித்த ஒலியே செயலாற்றிவிட்டது. மற்றொன்று குருவாயூரைச் சார்ந்து வழங்கும் கதை. விஷ்ணு சகஸ்ரநாமம் ஓதிய பக்திக் கவிஞர் பூந்தானம், அமரர்களின் தலைவன் என்று சொல்ல வேண்டிய இடத்தில் மரங்களின் தலைவன் என்று பொருள்படும்படி பிரித்துச் சொல்ல, கற்றவர் ஒருவர் அதைத் திருத்த முற்பட்டபோது, அமரர்க்கும் மரங்களுக்கும் தலைவன் தானே என்று இறைவன் குரல் எழுந்ததாக அம்மரபு சொல்லும். முதற்கதையில் எழுத்து எண்ணத்தை வென்றது. இரண்டாவதில் எண்ணம் எழுத்தை வென்றது. இரண்டும் உண்மையைச் சொல்லுகின்றன என்று கொள்வதற்குத் தடையில்லை. வேறுபாடு, சொல் யாரைச் சென்று சேர்கிறது என்பதைப் பொறுத்தது. வேள்வியில் மந்திரம் ஒரு கருவி. கருவி தனக்கு இடப்பட்டதைச் செய்யும். பக்தியில் சொல், கேட்டு உணரும் ஒருவரை நோக்கிச் செல்கிறது. அவர் சொல்லுக்குப் பின்னால் இருப்பதையும் சேர்த்துக் கேட்கிறார்.

கணினி துவஷ்டாவின் வேள்வித் தீயைச் சேர்ந்தது. அமைப்பு மாறியின் பெயரில் ஓர் எழுத்து மாறினால் அப்படி ஒரு மாறி இல்லை என்று சொல்லிவிடும். பெயர் சரியாக இருந்து எண் மாறினால் அதுகூடச் சொல்லாமல் மாறிய எண்ணின்படி நடக்கும். மனிதரோ பொருளை ஊகித்துக்கொள்ள வல்லவர். ஆவணம் இவ்விருவருக்கும் நடுவில் நிற்கிறது: படிப்பவர் மனிதர், படித்ததன் விளைவாகச் செயல்படுவது பொறி. ஆகவே ஆவணத்தில் உள்ள ஒரே பக்கத்தில், பொறுத்துக்கொள்ளத் தக்க எழுத்தும் பொறுத்துக்கொள்ளவே கூடாத எழுத்தும் அருகருகே கிடக்கின்றன.

ஆவணத்தின் சொல்லுக்கும் பிணையத்தில் விளையும் துன்பத்துக்கும் இடையே உள்ள தூரம் எவ்வளவு குறைவு என்பதற்கு டைம்-வெயிட் நிலையைப் பற்றிய இரண்டு மாறிகள் சான்று. ஒரு டிசிபி இணைப்பு முடிந்த பிறகும், வழிதவறித் தாமதமாக வரும் பழைய பாக்கெட்டுகள் புதிய இணைப்பொன்றில் கலந்துவிடாதபடி, இணைப்பை முதலில் மூடிய கணினி அதன் நினைவைச் சிறிது காலம் வைத்திருக்கிறது; லினக்ஸில் அது 60 நொடி. வேலை மிகுந்த வழங்கிகளில் இவ்வாறு காத்திருக்கும் இணைப்புகள் பெருகும்போது, அவற்றை விரைவில் விடுவிக்க வழி தேடும் நிர்வாகிகளின் கண்ணில் 'ரீயூஸ்' என்றும் 'ரீசைக்கிள்' என்றும் முடியும் இரு மாறிகள் பட்டன. பெயரளவில் நெருங்கிய உறவினர் போலத் தோன்றிய இவற்றை, ஆவணம் ஒவ்வொன்றுக்கும் ஓரிரு வரியில் விளக்கி, வல்லுநர் அறிவுரையின்றி மாற்றலாகாது என்ற எச்சரிக்கையோடு நிறுத்திக்கொண்டது. பலர் இரண்டையும் சேர்த்தே இயக்கினர். இரண்டாவது மாறியோ, ஒரே பொது முகவரிக்குப் பின்னால் பல கணினிகள் மறைந்திருக்கும் பிணையங்களிலிருந்து வரும் இணைப்புகளை, அவற்றின் கால முத்திரைகள் முன்பின்னாக இருப்பதைக் கண்டு, எந்த அறிவிப்புமின்றிப் புறக்கணிக்கக்கூடியது. ஒரே வீட்டில், ஒரே அலுவலகத்தில் ஒருவருக்குத் திறக்கும் தளம் மற்றவருக்குத் திறக்காமல் போனதற்கு இது காரணமாயிற்று. 2017-இல் வந்த 4.12 பதிப்பில் அம்மாறியே நீக்கப்பட்டது. இங்கே எழுத்துப் பிழை ஏதும் இல்லை. போதாத விளக்கமே இருந்தது. ஆனால் ஓரிரு வரிதான் முழு ஆதாரம் என்னும் நிலையில், அந்த வரியிலுள்ள ஒவ்வோர் எழுத்தும் எவ்வளவு பாரத்தைச் சுமக்கிறது என்பது இதனால் விளங்கும்.

உண்மையில் அஞ்ச வேண்டிய பிழை, பிழையாகத் தோன்றாத பிழை. எழுத்து இடம் மாறிய சொல் தன் குறையைத் தானே காட்டிக் கொடுத்துவிடுகிறது. 'இல்லை' என்னும் எதிர்மறைச் சொல் விழுந்துபோன வாக்கியமோ, இலக்கணமும் எழுத்தும் சரியாக அமைந்து, நேர்மாறான கட்டளையாக நின்றுவிடுகிறது. 1631-இல் லண்டனில் ராபர்ட் பார்க்கரும் மார்ட்டின் லூகாஸும் அச்சிட்ட விவிலியத்தில், பிறன்மனை நாடுவதை விலக்கும் கட்டளையில் அந்த எதிர்மறைச் சொல் விடுபட்டு, விலக்கு விதியாக மாறிவிட்டது. அச்சிட்டவர்களுக்கு 300 பவுண்டு தண்டம் விதிக்கப்பட்டது, உரிமமும் பறிபோயிற்று. பிணைய நெறிமுறைகளில் 'செய்தே ஆக வேண்டும்', 'செய்யவே கூடாது' என்னும் தொடர்களுக்கு 1997-இல் வந்த ஆர்எஃப்சி 2119 விதிமுறைத் தகுதியைக் கொடுத்திருக்கிறது. அங்கும் அவ்விரண்டுக்கும் இடையிலிருக்கும் வேறுபாடு ஒரே ஒரு சிறு சொல்தான். இத்தகைய பிழையை எழுத்தை மட்டும் பார்ப்பவரால் காண முடியாது. நெறிமுறை எப்படி நடக்கும் என்று அறிந்து, வாக்கியம் சொல்வதை அதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பவரே காண்பார். எனவே எழுத்துப் பிழை திருத்துவதை அறிவு வேண்டாத வேலை என்று ஒதுக்குவது தவறு. நன்றாகத் திருத்துபவர் நன்றாகப் படிப்பவராக இருந்தாக வேண்டும்.

சிறு பிழையால் யாருக்கு என்ன கேடு என்று கேட்பவர்கள், பெரும்பாலும் அப்பிழையை எளிதாகக் கடந்து செல்லும் வசதி படைத்தவர்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவருக்கு எழுத்து மாறிய சொல் ஒரு கணத் தடங்கல்கூட அன்று. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிப்பவருக்கு, அகராதியில் கிடைக்காத சொல் அரைமணி நேரத்தை விழுங்கலாம். அது தமக்குத் தெரியாத துறைச்சொல்லோ என்ற ஐயமும், தம் அறிவின்மீதே அவநம்பிக்கையும் அவருக்கு எழும். பார்வையற்ற பொறியாளருக்குத் திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருள் பிழையைப் பிழையாகவே உச்சரிக்கும். கெர்னல் ஆவணங்களைச் சீனம், ஜப்பானியம், கொரியம், இத்தாலியம், ஸ்பானியம் ஆகிய மொழிகளில் பெயர்த்துவரும் தன்னார்வலர்கள், மூலத்தில் தெளிவற்ற ஓர் இடத்தில் ஊகித்தே எழுத நேரும். ஊகம் தவறினால் பிழை மொழி கடந்து வாழும். இவை தவிர, தேடல் என்ற ஒன்று உண்டு. கெர்னலின் பல்லாயிரம் கோப்புகளுக்குள் ஒரு சொல்லைத் தேடித் தருவது கிரெப் என்னும் பழைய யுனிக்ஸ் கருவி. பிழையாக எழுதப்பட்ட சொல் சரியாகத் தேடுபவருக்கு அகப்படாது, அது இருக்கும் பத்தியே அவரளவில் இல்லாததாகிவிடும். சிறு திருத்தங்களுக்கெனத் தனிவழி ஒன்றை வைத்திருந்த காலத்தில் கெர்னல் சமூகம், எவை அவ்வழியில் வரலாம் என்று வகுத்த விதிகளில், ஆவணங்களின் எழுத்துப் பிழையையும் கிரெப் தேடலைக் கெடுக்கும் எழுத்துப் பிழையையும் பெயர் சொல்லிச் சேர்த்திருந்தது. பொறுத்துக்கொள்ளும் தயை வலியவருக்கு எளிது. அதன் விலையை எளியவர் கொடுக்கிறார். இதை எண்ணும்போது, பிழை திருத்துதல் மொழித்தூய்மை பற்றிய ஆர்வமாக இல்லாமல் நீதி பற்றிய அக்கறையாகவே தோன்றுகிறது.

இனி, தொடக்கூடாத பிழைகளுக்கு வரலாம். யுனிக்ஸ் இயங்குதளத்தில் கோப்பை உருவாக்க நிரல்கள் கெர்னலை அழைக்கும் அழைப்புக்கு 'கிரியேட்' என்ற பெயர், இறுதியில் வரவேண்டிய 'இ' இல்லாமலே இடப்பட்டது. யுனிக்ஸை மறுபடி வடிவமைக்க நேர்ந்தால் என்ன மாற்றுவீர்கள் என்று கேட்டபோது, அந்த 'இ'யைச் சேர்ப்பேன் என்று கென் தாம்சன் விடையளித்ததாக அறியப்படுகிறது. அரை நூற்றாண்டு கடந்தும் அது சேர்க்கப்படவில்லை. சேர்த்தால் அப்பெயரை நம்பி எழுதப்பட்ட நிரல்கள் எல்லாம் முறிந்துவிடும். இதேபோல், வலைப்பக்கம் ஒன்றுக்கு ஒருவர் எங்கிருந்து வந்தார் என்பதைத் தெரிவிக்கும் 'ரெஃபரர்' என்னும் எச்டிடிபி தலைப்பு, 1996 மே மாதம் வெளிவந்த ஆர்எஃப்சி 1945-இலேயே ஓர் 'ஆர்' குறைந்து பதிவாகிவிட்டது. பிறகு வந்த திருத்திய வரையறைகள் எல்லாம் அதைப் பிழை என்று அறிந்தே அப்படியே வைத்துக்கொண்டன. 2022-இன் ஆர்எஃப்சி 9110 அது பிழையான எழுத்து என்று வெளிப்படையாகக் குறிப்பிட்டும் மாற்றாமல் விட்டிருக்கிறது. அண்மைக் காலத்தில் சேர்க்கப்பட்ட தொடர்புடைய மற்றொரு தலைப்பில் அதே சொல் சரியான எழுத்துடன் வருகிறது. விளக்கும் சொல் ஒன்று, ஆற்றும் சொல் வேறொன்று. விளக்கத்தில் உள்ள பிழை நீங்கினால் எல்லோருக்கும் நலம். கணினிகள் தமக்குள் உடன்பட்டு வழங்கும் பெயரில் உள்ள பிழை, உடன்பாடு ஏற்பட்ட அந்தக் கணத்திலேயே பெயராகிவிடுகிறது. அதைத் திருத்துவது வாக்குத் தவறுவதற்கு ஒப்பு. ஆவணத்தில் அப்பெயரைக் கண்டு நல்லெண்ணத்தோடு 'சரியாக' எழுதிவிடும் திருத்துநர், ஆவணத்தைப் பொய்யாக்கிவிடுகிறார்.

இந்தச் சிக்கலுக்கு எபிரேய வேதத்தைக் காத்த மசோரெட் அறிஞர்கள் கண்ட தீர்வு எண்ணிப் பார்க்கத் தக்கது. கி.பி. 7 முதல் 10 வரையான நூற்றாண்டுகளில் திபேரியா முதலிய இடங்களில் உழைத்த இவர்கள், வழிவழியாக வந்த மெய்யெழுத்துகளில் ஒன்றையும் மாற்றத் துணியவில்லை. எழுதப்பட்டிருப்பது ஒன்றாகவும் படிக்க வேண்டியது வேறாகவும் இருந்த இடங்களில், எழுதப்பட்டதை அப்படியே விட்டு, படிக்க வேண்டியதை ஓரத்தில் குறித்தார்கள். 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்ட லெனின்கிராட் சுவடியில் இக்குறிப்புகளை இன்றும் காணலாம். முன்னோர் எழுதியதன்மீது அவர்களுக்கு இருந்த பணிவும், படிப்பவர் வழிதவறக் கூடாது என்ற பொறுப்பும் ஒரே பக்கத்தில் அமைந்தன. ஆர்எஃப்சி வரிசை ஏறத்தாழ இதே முறையைக் கடைப்பிடிக்கிறது: ஒருமுறை வெளியான ஆர்எஃப்சி பின்னர் ஓரெழுத்தும் மாறுவதில்லை, பிழை கண்டவர் தனியே அறிவிக்கலாம், அது சரிபார்க்கப்பட்டது என்றோ, நிராகரிக்கப்பட்டது என்றோ, அடுத்த பதிப்புக்காக நிறுத்தி வைக்கப்பட்டது என்றோ முத்திரையிடப்பட்டு மூலத்தின் பக்கத்தில் நிற்கும். கெர்னல் ஆவணம் அப்படி உறைந்த நூலன்று. நிரல் மாற மாற அதுவும் மாற வேண்டியது. அதன் உடலையே திருத்தலாம், பழைய வடிவம் கிட் எனப்படும் வரலாற்றுப் பதிவில் அழியாமல் இருக்கும். எந்த நூலை எந்த முறையில் திருத்துவது என்பதை நூலின் இயல்பே தீர்மானிக்கிறது. திருத்துபவரின் ஆர்வத்துக்கு அதில் இடமில்லை.

திருத்துபவரின் உள்நோக்கத்தைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது. அடிக்கடி நேரும் பிழைகளின் பட்டியல் ஒன்று கெர்னல் களஞ்சியத்திலேயே உள்ளது. டெபியன் சமூகத்தின் லின்டியன் கருவியிலிருந்து பெறப்பட்ட அப்பட்டியல், பிழை போலத் தோன்றிப் பிழையல்லாதவை நீக்கப்பட்டதாகத் தன் முகப்பிலேயே கூறுகிறது. எழுத்துப் பிழைகளைத் தேடித் தரும் கோட்ஸ்பெல் போன்ற கருவிகளும் இருப்பதால், ஒருவர் ஆவணத்தில் ஒரு பக்கத்தையும் படிக்காமல் பல திருத்தங்களை உருவாக்கி அனுப்பிவிட முடியும். ஏற்கப்பட்டால் அவர் பெயர் கெர்னலின் வரலாற்றில் ஏறிவிடும், வேலை தேடும்போது எடுத்துக்காட்டவும் பயன்படும். பயன் கருதிச் செய்த இச்செயல் அறமாகுமா? பயனில் பற்று வைக்காமல் கடமையைச் செய்யச் சொல்லும் கீதையின் நெறியும், லாபத்துக்காக நேர்மையாக நடந்துகொள்ளும் கடைக்காரரின் செயல் கடமைக்கு ஒத்ததே ஆயினும் கடமையுணர்வால் எழுந்ததன்று என்று 1785-இல் எழுதிய காண்ட்டின் நெறியும் இச்செயலுக்கு முழுமதிப்புத் தர மறுக்கும். ஆவணத்தைப் படிப்பவருக்கோ திருத்தியவரின் உள்ளம் எப்படிப்பட்டது என்பதால் எந்த வேறுபாடும் இல்லை, எழுத்து சரியாகிவிட்டது. எனினும் உள்நோக்கம் வேறொரு வழியில் வெளியே வந்துவிடுகிறது. எண்ணிக்கையை நாடுபவர் படிப்பதில்லை. படிக்காதவர் பெயரையும் விளக்கத்தையும் பிரித்தறிய மாட்டார், எதிர்மறைச் சொல் விழுந்த வாக்கியத்தைக் காண மாட்டார். ஆகவே உள்ளத்தின் குறை இறுதியில் பணியின் குறையாகவே முடிகிறது.

ஒவ்வொரு திருத்தமும் வேறொருவரின் நேரத்தைக் கேட்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. பராமரிப்பாளர் என்பவர் கெர்னலின் ஒரு பகுதிக்குப் பொறுப்பேற்று, வரும் மாற்றங்களைப் படித்து ஏற்பவர். பிணையப் பகுதியின் பராமரிப்பாளர்கள் தங்கள் நெறிமுறை ஆவணத்தில், வேறு வேலையோடு தொடர்பில்லாமல் நிரலைத் துடைத்து அழகுபடுத்த மட்டும் வரும் மாற்றங்களை விரும்பவில்லை என்றும், அவற்றால் விளையும் அலைக்கழிப்பு பயனைவிடப் பெரிது என்றும் சொல்லியிருக்கிறார்கள். அதே இடத்தில், எழுத்துப் பிழைக்கும் இலக்கணப் பிழைக்கும் வரும் திருத்தங்களை அவர்கள் தடுக்கவில்லை என்றும் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். இந்த வேறுபடுத்தல் நுண்மையானது, சரியானதும்கூட. இடைவெளியையும் வரிசையையும் மாற்றுவதால் நிரல் வேறுவிதமாக இயங்கப்போவதில்லை. மனிதருக்காக எழுதப்பட்ட வாக்கியத்திலோ, எழுத்து தெளிவாவதே பயன்.

இத்திருத்தம் ஏற்கப்படும் முறையில் ஒரு மாண்பு இருக்கிறது. ஓரெழுத்தை மாற்றுபவரும், மாற்றத்துக்கான காரணத்தை எழுதி, அதை அளிக்கத் தமக்கு உரிமை உண்டு என்று 2004-இல் வகுக்கப்பட்ட உறுதிமொழிக்கு உட்பட்டுத் தம் பெயரால் ஒப்பமிட வேண்டும். புதிய நெறிமுறையையே எழுதிச் சேர்ப்பவரும் இதே வரியில்தான் ஒப்பமிடுகிறார். பிறர் படித்துக் கருத்துச் சொல்வார்கள். தவறு சுட்டப்பட்டால் இரண்டாம் வடிவம், மூன்றாம் வடிவம் என்று அனுப்ப வேண்டும். புதிய பதிப்புக்கான மாற்றங்களைத் திரட்டும் இரண்டு வார காலத்தில் பிணையப் பிரிவின் புதுவரவுக் கிளை மூடியிருப்பதால் அது மீண்டும் திறக்கும்வரை காத்திருக்கவும் நேரும். சிறியதற்கென்று பொறுப்பு குறைக்கப்படுவதில்லை. பிழையைச் சுட்டுபவர் தம் பெயரை மறைத்துக்கொண்டு குற்றம் சொல்லிவிட்டுப் போக அங்கே வழியில்லை; தம் திருத்தமே பிழையாக இருந்தால் அதற்கு விடை சொல்ல வேண்டியவரும் அவரே.

அற்பமானவை என்ற பெயரில் இத்திருத்தங்களை வகைப்படுத்தும் வழக்கம் மென்பொருள் உலகில் இன்னும் இருக்கிறது. திருத்தத்துக்கு ஆகும் உழைப்பின் அளவைக் குறிப்பதற்கு அச்சொல் பொருந்தலாம். அதன் தகுதியைக் குறிப்பதற்குப் பொருந்தாது. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட பொறியாளர்கள் இவ்வாவணங்களை நாள்தோறும் ஆங்கிலத்தில் படித்தே தங்கள் பிணையங்களை நடத்துகிறார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் கவனிக்காமல் கடந்துவிடும் இடத்தில் அவர்கள் நின்று தடுமாறுகிறார்கள். தடுமாறியதாலேயே எந்த வரி தெளிவற்றது, எந்தச் சொல் வழிதவற வைக்கிறது என்பதை அவர்கள் திட்டமாக அறிவார்கள். அந்த அறிவை அவர்கள் தம்மோடு வைத்துக்கொள்ள வேண்டாம். சொல் விளக்கமா, உடன்பட்ட பெயரா என்பதை முதலில் பார்த்து, சுற்றியுள்ள பத்தியை முழுதும் படித்து, ஐயமிருந்தால் மூலநிரலோடு ஒப்பிட்டு, திருத்தத்தை எழுதித் தம் பெயரிட்டு அனுப்பட்டும்.